மார்வலியும் முதல் ஒரு மணி நேரமும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



என் பெரிய தகப்பனார் ஓர் இரவு மார்பு பாரமாயிருக்கிறதென்றார். வாயுவென்றெண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்தோம், பொழுது விடியட்டுமென்றிருந்தோம். விடியுமுன் அவர் ஆவி பிரிந்தது. நாங்கள் செய்த அப்பிழையை நம்மவர் வேறெவரும் செய்யலாகாதென்றே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

இருதயத்துக்கு இரத்தங் கொண்டுசெல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுவதே மாரடைப்பு. அடைபட்டதும் இருதயத் தசை சிறிது சிறிதாக மாளத் தொடங்கும். சிலருக்குத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இருதயம் வெறுமனே நடுங்கி, இரத்தவோட்டம் நின்றுவிடும். இவ்வபாயம் முதல் ஒரு மணி நேரத்திலேதான் மிகுதி.

வட அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரத்து வைத்தியர் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்பார், நோயாளிகளிற் பலர் ஆஸ்பத்திரியை அடையுமுன்னரே இறப்பதைக் கண்டார். நோயாளி வருமட்டும் காத்திராமல் வைத்தியமே அவரை நாடிச் செல்லவேண்டுமெனத் துணிந்தார். நடுங்கும் இருதயத்தை மின்சாரத்தால் ஒழுங்குபடுத்தும் கருவியைச் சுமார் 70 கிலோ எடையில் அமைத்து, 1966-ஆம் வருஷத்தில் வண்டியிலேற்றி வீடுகளுக்கு அனுப்பினார். பலர் பிழைத்தனர். நமது நாட்டில் ஓடும் 108 வண்டியும் இக்கொள்கையைத் தழுவியதே.

ஆயினும், வண்டி வருமட்டும் நோயாளி நம் கையிலன்றோ இருக்கிறார்? மார்பில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். நீரிழிவுடையோருக்கும் ஸ்திரீகளுக்கும் வலி சொற்பமாகவும் இருக்கலாம். நோயாளியைச் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள்; நடக்கவோ, படியேறவோ, தாமே வண்டியோட்டவோ விடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவரும் இரத்தப்போக்கு உள்ளவரும் அல்லரெனில், 108-இல் பேசுவோரின் யோசனைப்படி 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம்.

நினைவிழந்து மூச்சும் சரியாக இல்லாவிடில், தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதும் எழும்ப விடுங்கள். உதவி வருமட்டும் நிறுத்தாதீர்கள்.

இது கைப்பழக்கத்தால் வரும் வித்தை. ஆகையால் வரும் ஆண்டு விழாவில் ஒரு வைத்தியரை வரவழைத்து இதனைக் கற்பிக்குமாறு நிர்வாகிகளை வேண்டுகிறேன். பெரியோர்களுக்கு இரவில் துணையிருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களே. அவர்கள் அவசியம் முன்வரிசையில் இருத்தல் வேண்டும். விடியட்டுமென்ற சொல் இனி நம் வீடுகளில் கேளாதிருக்குமாக.