இல்லத்தில் அகிற்புகை

நாம் ஏற்றும் அகில் வத்தியின் மணம் மரத்தின் புண்ணில் பிறப்பது. காயத்தில் பூஞ்சை பற்றும்போது மரம் தற்காப்பாகச் சுரக்கும் பிசினே கட்டையில் ஊறி நறுமணமாகிறது. கீழைக்காற்றோடு தமிழகத்துக்குக் கலங்களில் அகில் வந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். அந்தக் கீழைக்கடல் நாடுகளில்தான் இன்று நாம் வாழ்கின்றோம். மிகுதியாக வெட்டப்பட்டமையால் மலாக்கா அகிலின் வணிகம் 1995 முதல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ளது; மலிவுக் கட்டுகளில் இருப்பது பெரும்பாலும் செயற்கை மணமே.

நம் செங்காங் அடுக்குமாடி வீடுகளிலோ பூசையறை என்பது பல நேரம் ஓர் அலமாரித் தட்டுதான்! அங்கே கைப்பிடியளவு கொளுத்துவானேன்? நெடுங்காலம் ஊதுவத்திப் புகையில் வாழ்ந்தோர்க்கு மேல் மூச்சுப்பாதைப் புற்றுநோய் மிகுந்திருந்ததைச் சிங்கப்பூர்ச் சீனரிடையே நடந்த ஆய்வு 2008இல் காட்டிற்று. சன்னலைத் திறந்து ஒரே வத்தி ஏற்றுங்கள். மூச்சிளைப்புள்ள பாட்டியார் இருக்கும் இல்லத்தில் நெய்விளக்கும் பூவும் போதும்.