வருகைப் பதிவேடு சொல்லாத செய்தி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, அவையில் சொல்லப் பலரும் கூசும் பொருள். எனினும், முப்பதாண்டுக் காலம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிய கை எம்முடையது. அதிலே கண்டதைச் சொல்லாதிருத்தல் முறையன்று.

எம்மிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற ஒரு பெண் திங்கள்தோறும் ஆறேழு நாட்கள் பள்ளிக்கு வரமாட்டாள். சங்கரன்கோவில் விசைத்தறி ஊராயிற்றே, தறிக்கு நூல் சுற்றப் போகிறாள் என்று யாமே முடிவுகட்டி, அவள் தந்தையை அழைத்துக் கடிந்துகொண்டோம். அவர் தலைகுனிந்து நின்றார், ஒன்றும் உரைக்கவில்லை. பின்னர் ஒருநாள் காலை வழிபாட்டில் அவள் மயங்கி விழுந்தாள். 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6 கிராமே இருந்தது. பூப்பெய்திய நாள்தொட்டு மாதவிடாய் பத்து நாட்களுக்குக் குறையாமல் நீடிப்பதையும், சிறுவயதிலேயே அடிக்கடி சில்லுமூக்கு உடைந்ததையும் தாயார் அன்றுதான் சொன்னார். “எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு. பொம்பளைன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்” என்றார். அத்தந்தையிடம் யாம் அன்று கேட்கத் தவறிய மன்னிப்பை இம்மேடையில் கேட்டுக்கொள்கிறோம்.

மூக்கில் இரத்தம் வடிதல், பல் துலக்குகையில் ஈறு கசிதல், காரணமின்றித் தோல் கன்றுதல், மிகுதியான மாதவிடாய் ஆகியன இளவயதினரிடம் மிகப் பொதுவானவை. வகுப்பில் கைதூக்கச் சொன்னால் பல கைகள் எழும். அவர்களுட் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். ஆனால் பொதுவாயிருப்பதனாலேயே, நோயுள்ள சிலரும் அக்கூட்டத்தில் மறைந்துபோகின்றனர்.

பின்லாந்து நாட்டு மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டு, ஆலந்துத் தீவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆராய்ந்து 1926இல் ஒரு பரம்பரை நோயை விளக்கினார். இரத்தத்தை உறையச் செய்யும் ஒரு புரதத்தின் குறையே அந்நோய் என்பது பின்னரே தெரியவந்தது. அச்சிறுமியோ தன் 13ஆம் வயதில், நான்காம் மாதவிடாயின் உதிரம் நில்லாமல் இறந்துபோனாள். இத்தாலியில் 1,218 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறையுடையோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவை நெருங்கினர். அத்தனை பேரும் துன்புறுவதில்லை, துன்புறுவோரும் வாய்திறப்பதில்லை.

நம் தெருப் பிள்ளைகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. நம் பெண் சோர்ந்திருந்தால், ‘சாப்பாட்டுக் குறைவு’ என்று எவரும் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகையினர். உணவுக் குறை மெய்யே. பள்ளியில் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டுவதே. ஆயினும் ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் வார்த்துக்கொண்டிருப்பதா? வறுமையைக் காரணங்காட்டிவிட்டால் நோயைத் தேடும் கடமை தீர்ந்ததாக நினைக்கிறார்கள். யாமும் அப்படி நினைத்தவர்களே.

தாய்மார்களே, மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்ந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூப்பெய்திய முதலிரண்டு ஆண்டுகளில் சுழற்சி சீர்ப்படாமையாலும் மிகுதி உண்டாகலாம். அதனை மருத்துவர் பிரித்தறிவார். பல் பிடுங்கியபின் இரத்தம் நிற்காதது, தாய்க்கோ உடன்பிறந்தார்க்கோ அவ்வாறு இருந்தது ஆகியவற்றையும் மறவாமல் சொல்லுங்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாயிருந்தும் இந்நோய் இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. ஆஸ்பிரினைத் தாமாக வாங்கித் தருதல் ஆகாது. மூக்கில் வடிந்தால் தலையை அண்ணாத்திப் பிடிப்பது நம் ஊர் வழக்கம், அது தவறு. சற்று முன்குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எம் மாணவிக்கு, வெளியூர் அனுப்பிச் செய்த சோதனையில் வான் வில்லிபிராண்டு நோயே என்று தெரிந்தது. மருந்துண்டு, மறு ஆண்டு தேர்வெழுதினாள்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாலைப் பயிற்சி வகுப்புகளில் ஆசிரியை ஒருவர், தனியறையில், ஒவ்வொரு பெண்ணிடமும் இவ்வினாக்களை ஆண்டுக்கு ஒருமுறை கேட்கட்டும். வினாத்தாள் அச்சிடும் செலவு எம்முடையது.