பேரெண்ணும் பெரியோர் சொல்லும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். இரண்டை 127 முறை எழுதி, அவற்றை ஒருங்கே பெருக்கி, வருந்தொகையில் ஒன்றைக் கழித்தால் அவ்வெண் கிடைக்கும்:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட இது ஒரு முதன்மை எண். அதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது.

இதனை முதலிற் சொன்னவர் மேர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி. இரண்டின் வலுவில் ஒன்று குறைந்த எண்களுள் முதன்மையானவை எவையென 257 ஆம் வலு வரைக்கும் 1644 இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். வலு முதன்மையாயிருந்தாற் போதாது. 11 ஆம் வலுவில் வரும் 2047 என்பது 23 ஐ 89 ஆற் பெருக்கிய தொகையே. மேர்சேன் தம் அட்டவணையில் 67, 127, 257 ஆகிய வலுக்களைச் சேர்த்தார். ஆனால் நிறுவல் தந்தாரல்லர்.

வகுத்துப் பார்த்தாலென்ன என்பீர்கள். ஒற்றை எண்களால் மட்டும், விநாடிக்கு ஒன்றாக, வர்க்கமூலம் வரைக்கும் வகுத்தாலும் ஏறக்குறைய 20,000 கோடி ஆண்டுகள் செல்லும்!

1876 இல் எட்வார்ட் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் வேறு வழி கண்டார். பின்னர் லேமர் திருத்தியமைத்த வடிவில் அதனை ஒரு சிற்றெண்ணில் செய்து பார்ப்போம். 127 என்பதும் இரண்டின் 7 ஆம் வலுவில் ஒன்று குறைந்ததே. 4 இல் தொடங்குக. வர்க்கித்து இரண்டைக் கழித்து, 127 ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்க. மீண்டும் அவ்வாறே செய்க. 4, 14, 67, 42, 111, 0 என வரும். வலுவிலும் இரண்டு குறைந்த தடவையில், அதாவது ஐந்தாந் தடவையில், பூச்சியம் வந்தால் எண் முதன்மை, வாராவிடின் அன்று. நம் பேரெண்ணுக்கு 125 தடவைகள் போதும். வீட்டிற் சென்று தாளில் 31 என்ற எண்ணுக்குச் செய்து பாருங்கள். மூன்றாந் தடவையிற் பூச்சியம் வரும்.

அவ்வாண்டிலேயே லூக்காஸ் 127 ஆம் வலுவில் மேர்சேன் சொன்னது மெய்யென்றும், 67 ஆம் வலுவிற் சொன்னது பொய்யென்றும் காட்டினார். பின்னதன் காரணிகள் அவருக்குக் கிட்டவில்லை. அவற்றை 1903 இல் நியூயோர்க்கிற் கோல் என்பவர் வெளிப்படுத்தினார்: 193707721, 761838257287. 257 உம் பிழையாயிற்று. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. அட்டவணை முழுவதும் சோதித்து முடிய 1947 ஆயிற்று.

லூக்காஸின் எண் 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அறிந்த முதன்மை எண்களுட் பெரியதாய் விளங்கிற்று. 2024 ஒக்டோபரிற் கண்ட 4,10,24,320 இலக்க எண்ணையும் உறுதி செய்தது இதே சோதனையே. ஆனால் செய்தவை கணனிகள்.

அன்பர்களே, பிழை கண்டபின் மேர்சேனின் பெயரை எவரும் அழிக்கவில்லை. இவ்வகை எண்களை இன்றும் மேர்சேன் எண்கள் என்றே வழங்குகின்றோம். கேள்வியைத் தந்தவர் அவர். அதனைச் சோதித்தவர்கள் அவரை அவமதித்தாரல்லர். சோதியாது பாராட்டியிருந்தால் 67 ஐயும் மெய்யென்றே ஓதியிருப்போம். சோதியாது தள்ளியிருந்தால் 127 ஐ இழந்திருப்போம். இளைஞராகிய நாம் வினவும்போது பெரியோர் இதனை நினைவிற் கொள்வார்களாக. வினவுமுன் கணக்கைச் செய்து பார்க்கும் பொறுமையை நாமும் கற்போமாக.