பேறுகாலச் சம்பளம் யார் பொறுப்பு?

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 12 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தந்தது. 2017-ஆம் ஆண்டின் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக உயர்த்தியது. பல பணக்கார நாடுகளிலும் இவ்வளவு கிடையாது. ஆனால் அந்த ஆறு மாதச் சம்பளம் முழுவதும் வேலை கொடுப்பவர் தலையில்தான் விழுந்தது. நேர்காணலில் பெண்களிடம் மட்டும் "கல்யாணம் எப்போ?" என்று கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டையோடு தையல் மெஷினில் உட்காரும் பெண்ணின் நிலை வேறு. 2017-இல் வைத்த 21,000 ரூபாய் வரம்புக்குள் மாதச் சம்பளம் வாங்குபவருக்குப் பேறுகாலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. நிதியே தருகிறது. முதலாளி கட்டும் சந்தா, 2019-இல் குறைத்தபடி, 3.25 சதவீதம், வேலைக்கு வருபவர் ஆணா பெண்ணா என்று அந்தச் சந்தா பார்ப்பதில்லை. எனவே பெண்ணைத் தவிர்ப்பதால் முதலாளிக்குச் சல்லிக்காசும் மிச்சமில்லை. விடுப்பின் நீளத்தைவிட இந்த ஏற்பாடுதான் முக்கியம்.

குழந்தைக் காப்பக விதியும் இதே பாடத்தைத் தாமதமாகக் கற்றது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண் தொழிலாளர் 30 பேருக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. முப்பதோடு நிறுத்திக்கொண்டால் செலவு இல்லை என்று வழிகாட்டியதும் அதே விதிதான்! 2017 திருத்தம் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து 50 ஊழியர்கள் என்று அளவை மாற்றியது. தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் பார்த்துவரவும் உரிமை தந்தது. தனியார் துறைத் தந்தையருக்கு அது எந்த விடுப்பையும் தரவில்லை.

ஸ்வீடன் 1974-இலேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது. சம்பளம் சமூகக் காப்பீட்டிலிருந்து வந்தது. ஆனாலும் தந்தையர் எடுத்த நாட்கள் சொற்பமே. எடுக்காவிட்டால் போய்விடும் என்று 1995-இல் ஒரு மாதத்தை ஒதுக்கிய பிறகே பெரும்பாலான தந்தையர் வீட்டில் இருந்து பிள்ளை பார்த்தார்கள். இப்போது ஆளுக்கு 90 நாட்கள் அப்படி ஒதுக்கப்பட்டுள்ளன.

இந்தியப் பெண் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் வயலிலும் வீட்டுத் தொழிலிலும் இருப்பதால் மேற்சொன்ன சட்டங்கள் அவர்களை எட்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு சிறிய, உருப்படியான வழி வைத்திருந்தது: பணியிடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.