உடன்போக்கும் ஊரெரிப்பும்



தமிழர் காதலைப் போற்றிய இனம் என்று மேடைதோறும் கேட்கிறோம். அதற்கு முதல் சான்றாக வருவது குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் பாடிய பாட்டு. முன்பின் உறவில்லாத இருவர் மனம் கலந்ததைச் சொல்வதால் அது சாதி மறுப்புக்கும் சான்றாகிறது. அந்தப் பாட்டை நாமும் நேசிக்கிறோம். ஆனால் அந்த மரபின் இலக்கணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு உரியவை என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். உழைக்கிறவருக்கும் ஆசை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அது உயர்ந்த காதல் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. யார் காதலிக்கத் தகுந்தவர் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

அதே மரபில் உடன்போக்கும் உண்டு. பெண் காதலனோடு போய்விடுகிறாள். செவிலித்தாய் பாலை வழியில் தேடி அலைகிறாள். கலித்தொகையில், எதிரே வந்த அந்தணர்கள் அவள் மகள் அறம் தவறவில்லை என்று சொல்லித் தேற்றுகிறார்கள். 1930-களில் பாரதிதாசன் எழுதிய 'புரட்சிக்கவி'யில் அரசன் மகளும் கவிஞன் உதாரனும் காதலிக்கிறார்கள். மன்னன் கொலைத்தண்டனை விதிக்கிறான். மக்கள் திரண்டு காதலரைக் காப்பாற்றுகிறார்கள்.

நம் தருமபுரி மாவட்டத்திலும் 2012 நவம்பர் 7 அன்று கூட்டம் திரண்டது. தலித் இளைஞரை வேறு சாதிப் பெண் மணந்திருந்தார். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதை அடுத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த இளைஞர் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். கவிதையில் காதலரைக் காக்கத் திரண்ட மக்கள், நம் ஊரில் எதற்குத் திரண்டார்கள் என்று பாருங்கள்.

பெண் எழுதும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் உடலின் வேட்கையை மறைக்காமல் பாடினார். காதலன் கடவுள் என்பதால் அதைப் பக்தி என்று ஏற்றுக்கொண்டார்கள். 2000-களில் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் சொந்த உடலை எழுதியபோது ஆபாசம் என்று வசை வந்தது. 2021-இல் டெல்லி பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகிய இரு தலித் எழுத்தாளர்களை நீக்கியது. அரூருக்குப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் 18 பழங்குடிப் பெண்கள் மீது அரசு ஊழியர்கள் பாலியல் வன்முறை நிகழ்த்தினார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒடுக்கப்பட்ட பெண் தன் உடலுக்குத் தானே உரிமை கோரி எழுதுவது வெறும் அந்தரங்க விஷயமா? அதுவும் அரசியல்தான்.

தலித் இலக்கியம் என்றால் வலியை மட்டும் எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர்களே, வலியை எழுதுங்கள். காதலையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். நமக்கும் முழு மனம் உண்டு, முழு வாழ்வு உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது பழைய விதி. இன்று நம் காதலரின் பெயர்களை முதல் தகவல் அறிக்கையிலும் பிணக்கூறாய்வு அறிக்கையிலும் படிக்கிறோம். இந்த நிலை மாற ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்போம். காதலித்தவர்கள் நம் வாசலுக்கு வந்தால் கதவைத் திறப்போம்.