இருட்டாத கோடையில் ஒரு பூச்சி ஏரி



நம் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு. மாலை ஏழரைக்கெல்லாம் இருட்டு. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஆகவே, நள்ளிரவில் விளக்கில்லாமல் பறவை பார்க்கலாம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால், ஐஸ்லாந்து நாட்டின் வடபகுதியில் ஜூன் மாதத்தில் அப்படித்தான். சூரியன் சற்றே மறைந்து மீண்டும் எழும், வெளிச்சம் போவதேயில்லை. அங்குள்ள மீவட்டன் ஏரிக்கரைக்கு இன்று நாம் மனத்தால் போய் வருவோம்.

ஏரியின் பரப்பு சுமார் 37 சதுர கிலோமீட்டர். ஆழமோ பெரும்பாலான இடங்களில் நான்கு மீட்டரை எட்டாது. அதனால் வெயில் அடிவரை இறங்குகிறது, பாசி செழிக்கிறது, சேற்றில் கோடிக்கணக்கான புழுக்கள் வளர்கின்றன. கோடையில் அவை சிறகு முளைத்து எழும்பும்போது, கரையெங்கும் புகைத்தூண்கள் நிற்பதுபோல் தோன்றும். உருவம் கொசுவுடையது, ஆனால் கடிக்காது. காதிலும் மூக்கிலும் புகுந்துவிடும், அவ்வளவுதான். (பக்கத்து ஆற்றோரம் கடிக்கிற இனமும் உண்டு. அதை ஏன் மறைப்பானேன்?) மீவட்டன் என்ற பெயருக்கே பூச்சி ஏரி என்றுதான் பொருள்.

இந்தத் தொல்லை எதற்கு, மருந்தடித்து ஒழித்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். பூச்சி குறைந்த ஆண்டுகளில் வாத்துக் குஞ்சுகள் பட்டினியால் மடிகின்றன. ஏரி மீனுக்கும் இதுவே இரை.

கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வாத்தினங்கள் அங்கே கூடு கட்டுகின்றன. சிறு பறவையொன்று தண்ணீரில் பம்பரம்போல் சுழன்று, மேலே கிளம்பும் இரையைக் கொத்தும். அந்த இனத்தில் பெட்டைக்குத்தான் நிறம் அதிகம். முட்டையை அடைகாப்பது சேவல். இதைச் சொன்னால் நம் தாய்மார்கள் கேட்டு மகிழ்வார்கள்!

இன்னொன்றுக்கு அவ்வூரார் இட்ட பெயர் 'வீட்டு வாத்து'. அமெரிக்கக் காடுகளில் அது மரப்பொந்தில் முட்டையிடும். இங்கே அத்தகைய பெரிய மரங்கள் இல்லை. எனவே எரிமலைப் பாறை இடுக்குகளிலும், தொழுவச் சுவர்ப் பொந்துகளிலும் குடியிருக்கிறது. குடியானவர்களும் அதற்கென்று இடம் விட்டு வைப்பார்கள்.

சும்மா அல்ல, முட்டைக்காகத்தான். குளிர்நாட்டில் பஞ்சம் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் எடுப்பதில் ஒரு முறை இருந்தது: ஒவ்வொரு கூட்டிலும் நான்கு முட்டைகளாவது விட்டுவைக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குப்பைமேடுகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் முட்டை ஓடுகளை ஏராளமாகக் கண்டனர். வாத்து எலும்புகளோ மிகச் சில. முட்டையைத் தின்றார்கள், தாயைத் தின்னவில்லை.

அப்படிக் காத்துவந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. ஏரியிலிருந்து இறங்கும் லாக்சா ஆற்றில், மின்சாரத்துக்காகப் பெரிய அணை கட்டத் திட்டமிட்டனர். கட்டினால் பள்ளத்தாக்கின் விளைநிலங்கள் நீரில் மூழ்கும். குடியானவர்கள் மறுத்துப் பார்த்தனர், பயனில்லை. 1970 ஆகஸ்டில் ஓர் இரவு, ஏரி வாயிலில் ஏற்கெனவே இருந்த சிறு அணையை வெடி வைத்துத் தகர்த்தனர். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம், நூற்றுக்கும் மேற்பட்டோர் தாங்களே செய்ததாகப் பொறுப்பேற்றனர். 

வெடி வைத்தது சரியா என்று பிள்ளைகள் கேட்டால், நாமும் சற்றுத் தயங்கத்தான் செய்வோம். பெரிய அணை கட்டப்படவில்லை என்பது மட்டும் உறுதி. 1974இல் ஏரிக்கும் ஆற்றுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏரியடிச் சேற்றை உறிஞ்சியெடுத்த தொழிற்சாலை அதன் பின்னும் ஓடி, 2004இல்தான் மூடப்பட்டது.

பனி உருகியதும் வீட்டு வாத்து இன்றும் தொழுவச் சுவரைத் தேடி வருகிறது.