வக்கீல் வைக்காமல் பிள்ளைக்காக ஒரு மனு



பெங்களூர் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண், கணவனைப் பிரிந்து பிள்ளையைத் தானே வளர்ப்பது என்று முடிவெடுத்தால், முதலில் அவளை மிரட்டுவது வக்கீல் பீஸ்தான். அந்தப் பயத்திலேயே பிள்ளையை விட்டுக்கொடுத்துவிடும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் பேசுகிறேன். தகப்பன்மாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 13ஆவது பிரிவு: அங்கே வக்கீல் மூலம் வாதாடுவதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. கட்சிக்காரர் தானே நின்று பேசுவதைத்தான் சட்டம் எதிர்பார்த்தது. நடைமுறையில் பெரும்பாலோர் வக்கீலோடு வருகிறார்கள் என்பது வேறு. பெங்களூரில் சித்தையா சாலை நியாய தேகுல கட்டடத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் நீங்களே மனுப் போடலாம். அதை 'பார்ட்டி இன் பர்சன்' என்பார்கள்.

மனுவில் என்ன எழுதுவது? கணவன் செய்த கொடுமை, மாமியார் பேசிய பேச்சு என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டுப் பிள்ளையைப் பற்றி நாலே வரியில் முடித்துவிடுகிறோம். நீதிபதி தேடுவது அந்த நாலு வரியைத்தான். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமானாலும், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டமானாலும், கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்கு எது நல்லது? ஆகவே பிள்ளையின் ஒரு நாளை எழுதுங்கள். தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது, பள்ளி டைரியில் யார் கையெழுத்து, நீங்கள் ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளை யாரிடம் இருக்கும், காய்ச்சல் வந்த ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார். ரசீதுகளையும் அட்டைகளையும் நகல் எடுத்து இணையுங்கள். அடி, குடி பிள்ளையைத் தொட்டிருந்தால் தேதியோடு எழுதுங்கள்.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இந்துச் சட்டம் சொல்கிறது. தகப்பன் உயிரோடு இருக்கையில் தாய் காப்பாளராக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போய், தாயின் கையெழுத்து போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தகப்பன் பிள்ளையின் காரியங்களைக் கவனிக்காத நிலையில், அவர் இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளர் ஆகலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல், ஓசூர். பஸ் ஏறினால் வேறு மாநிலம். பிள்ளையை யாராவது அங்கே கொண்டுபோய்விட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான். பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம் இவையெல்லாம் அப்போது கைகொடுக்கும். இப்படிப்பட்ட வழக்கில் தனியாக நிற்காதீர்கள் என்பதே என் கருத்து. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளியான ஆணுக்கும் உண்டு. அந்த ஆணையத்தை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மனு எழுதவும் அவர்களிடம் உதவி கேட்கலாம்.

மனுப் போட்ட பிறகு முதலில் சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதியே பேசலாம். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். வாய்தாவைத் தவறவிடாதீர்கள்.

முழுப் பொறுப்பும் உங்களுக்கே கிடைத்தாலும், மற்றவர் பிள்ளையைப் பார்க்கும் உரிமை பொதுவாக இருக்கும். பிள்ளைக்கு அவரால் ஆபத்து இல்லையென்றால், எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதை மனுவில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.